பலகை மூடிய பிறகு

மரத்தால் சிறு கப்பல் செய்து அலமாரியில் வைக்கும் பொழுதுபோக்கு நம்மவரிடையே அதிகமில்லை. இருக்கும் ஓரிருவரும் அதைப்பற்றி வெளியே பேசக் கூச்சப்படுகிறார்கள். காரணம் தெரிந்ததே. கடைக்கு வந்து உட்காரும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டால், "ஏன் தம்பி, இதை விற்றால் என்ன தேறும்?" என்றுதான் முதலில் கேட்பார். விற்பதற்கு அல்ல என்று சொன்னால், "அப்படியானால் வீண் வேலைதானே?" என்பது அடுத்த கேள்வி. இஸ்ராப் என்ற சொல்லும் சில சமயம் வந்து விழும்.

இந்தக் கேள்விக்கு நாம் நீண்ட பதில் சொல்லப்போவதில்லை. கடன் பாக்கி வைக்காதவர், கடைப்பையன்களின் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பவர், பெற்ற பிள்ளைகளோடு நாள்தோறும் நாலு வார்த்தை பேசுகிறவர், கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் மரம் சீவினால் யாருக்கு நஷ்டம்? அதே ஒரு மணி நேரத்தைக் காப்பிக்கடையில் ஊர்க்கதை பேசிக் கழிப்பவரிடம் நாம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கடமைகளை விட்டுவிட்டுக் கப்பல் செய்கிறவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர் கப்பல் செய்யாவிட்டால் வேறெதையாவது செய்திருப்பார்.

நாம் எழுத வந்தது வேறு விஷயம். நம் கடைப்பையன் ஒருவன் ஒரு நாள் கேட்டான்: "நானா, மேலே பலகை ஒட்டி மூடப்போகிற கட்டையை எதற்கு இவ்வளவு இழைக்கிறீர்கள்?" பையன் கேட்டது சரியான கேள்வி. வியாபாரம் செய்கிறவர்கள் ஆற அமர யோசிக்க வேண்டிய கேள்வியும் அதுவே.

இத்தொழில் அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறோம். சிறு கப்பல் செய்வதில் மூன்று வழிகள் உண்டு. ஒரே மரத்துண்டைக் கப்பல் வடிவில் செதுக்கி எடுப்பது முதல் வழி. இரண்டாவது, பெட்டியில் அடைத்து விற்கும் சாமான்களை வாங்கிச் செய்வது. இதில் அடிமரத்தின் மேல் ஒட்டுப்பலகைத் தடுப்புகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் மெல்லிய பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டுவார்கள். முதல் வரிசைப் பட்டை மலிவான மரம். அதன் மேல் இரண்டாம் வரிசையாக வால்நட் போன்ற நல்ல மரத்தின் மெல்லிய சீவல். 1765-ல் நீரில் இறக்கப்பட்டு இன்றும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் விக்டரி என்ற போர்க்கப்பலின் உருவங்களில் கணிசமானவை இப்படிச் செய்யப்பட்டவையே. மூன்றாவது வழி கடினமானது. மெய்யான கப்பலில் இருப்பதுபோலவே, ஒவ்வொரு விலா மரத்தையும் பல துண்டுகளாக அறுத்து, சேர்த்து, இழைத்து, அடிமரத்தின் மேல் நெருக்கமாக நிறுத்துவது. மெய்யான கப்பலில் ஓர் அடி என்பது இங்கே கால் அங்குலம், அதாவது 48-ல் ஒரு பங்கு. பலகையைப் பிடிக்கும் மர ஆணியைக்கூட மூங்கில் குச்சியை இரும்புத் தகட்டின் துளைகளில் ஒன்று மாற்றி ஒன்றாக இழுத்து, நூல் கனத்துக்குக் கொண்டுவந்து செய்வார்கள். ஆண்டுக்கணக்கில் போகும் வேலை.

பலகை மூடிய பிறகு இரண்டாம் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. விலாவின் வெளி ஓரத்தைச் சரிவாக இழைப்பதற்காவது பிரயோஜனம் உண்டு. அது ஒழுங்காக இல்லையென்றால் மேலே ஒட்டும் பலகை மேடும் பள்ளமுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். விலாவின் உட்பக்கம் எப்படி இருந்தாலும் கேட்பாரில்லை.

அப்படியானால் உள்ளே ஒட்டுப்பலகையை வைத்து மூடியவர் பொய் செய்தவரா? இல்லை என்பதே நம் எண்ணம். உடைந்த அரிசியை உடைந்த அரிசி என்று சொல்லி விற்பவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. சரக்கு மட்டமாக இருப்பது பாவமல்ல. மட்டமான சரக்குக்கு உயர்ந்த பெயர் வைப்பதுதான் பாவம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்களின் செய்தி நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே விசாரணை தானியம் ஏன் நனைந்தது என்பதற்கல்ல, நனைந்தது ஏன் மேலே வைக்கப்படவில்லை என்பதற்கே.

நம் கடையில் ரஜூலா கப்பலின் உருவம் ஒன்று இருக்கிறது. 1926-ல் கட்டப்பட்டு, 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஊர் ஜனங்களை ஏற்றி வந்த அதே ரஜூலாதான். அது இரும்புக் கப்பல். நாம் செய்தது முழு மரத்தில் செதுக்கியது. உள்ளே அறையும் இல்லை, இயந்திரமும் இல்லை. அதைப் பார்த்த ஒரு பெரியவர் பின்பக்க மேல்தளத்தில் விரலை வைத்து, "இந்த இடத்தில்தான் எங்கள் உம்மா பாய் விரித்தார்கள்" என்றார். சற்று நேரம் விரலை எடுக்கவில்லை. அவருக்கு அந்தக் கப்பலின் உள்ளே என்ன இருந்தது என்பதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆகவே வெளிவடிவம் மட்டும் செய்வது ஏமாற்று என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், பெட்டியில் வாங்கிச் செய்ததை "விலாவிலிருந்து எல்லாம் நம் கையாலேயே அறுத்தது" என்று சொல்கிறவர் ஈரத்தைக் கீழே வைத்தவர்தான்.

பையனின் கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை. பொய் சொல்லாதிருப்பது எளிது. கேட்டால் ஒட்டுப்பலகை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிறகு மெய்யான விலாவை ஏன் செய்ய வேண்டும்?

மெய்யான கப்பல் கட்டுகிறவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. கோலத் திரங்கானுவில், ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள பூலாவ் டூயோங் தீவுக்குப் போனவர்கள் அறிவார்கள். பெடார், பீனாஸ் என்ற மரக்கலங்களுக்குப் பெயர்போன இடம் அது. இப்போது கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த மலாய்க் கைவினைஞர்கள் காகிதத்தில் வரைபடம் போடாமல் கண்ணளவிலேயே கட்டினார்கள். வெள்ளைக்காரரின் முறைக்கு நேர்மாறாக, முதலில் பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து உடலை எழுப்பி, விலாவைப் பிறகு வைப்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே மர முளைகளை இறக்கி, கெலாம் மரத்தின் பட்டையை இடையே கொடுத்து இறுக்குவார்கள். பலகை சேர்ந்த பிறகு அந்த முளை ஒருநாளும் வெளியே தெரியாது. இருந்தும் ஒரு முளையைக் குறைக்க அவர்களுக்குத் துணிவு வராது. கடல் கேட்கும். உள்ளே ஒளித்த குறையைத் தண்ணீர் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

கடல் எப்படிக் கேட்கும் என்பதற்கு சுவீடன் தேசத்து வாஸா என்ற கப்பல் சாட்சி. அரசர் குஸ்தாவ் அடால்ஃப் கட்டச் சொன்ன கப்பல், 64 பீரங்கிகள், உடலெங்கும் சிற்ப வேலை. (முகப்பில் பெரிய சிங்கம் வேறு. அந்த மாதிரி உருவங்களை நாம் செதுக்குவதில்லை. முகப்பை வெறுமனே விட்டுவிடுகிறோம்.) புறப்படுமுன் சோதனை ஒன்று நடந்தது. 30 பேர் தளத்தின் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். மூன்றாம் ஓட்டத்துக்குள் கப்பல் கவிழ்ந்துவிடுமோ என்று தோன்றும்படி ஆடவே, சோதனையை நிறுத்திவிட்டார்கள். சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை அல்ல! 1628 ஆகஸ்ட் 10-ந் தேதி வாஸா ஸ்டாக்ஹோம் துறையிலிருந்து புறப்பட்டு, சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றுக்குச் சாய்ந்தது. கீழ்வரிசைப் பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் ஏறி அங்கேயே மூழ்கியது. மேற்பாரம் அதிகம், அடியில் கனம் போதாது. விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. 1961-ல் வெளியே எடுத்து, இப்போது அங்கேயே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த வாஸாவின் சிறு உருவங்கள் உலகெங்கும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் நிற்கின்றன. ஒன்றாவது சாய்ந்ததா? சாயாது. அலமாரிக்குள் காற்றுமில்லை, அலையுமில்லை. சிறு கப்பல் செய்கிறவனுக்கும் கப்பல் கட்டுகிறவனுக்கும் உள்ள பேதம் அளவில் இல்லை, இதில்தான் இருக்கிறது. அவனுக்குக் கடல் உண்டு, இவனுக்கு இல்லை.

இனி நம் கடைக்கு வருவோம். நமக்கும் கடல் உண்டு. நம் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போய் நிறுத்துப் பார்ப்பார். எடை குறைந்தால் நாளை எதிர்க்கடைக்குப் போவார். மொத்த வியாபாரி பெயர் கெட்டவனுக்குக் கடனில் சரக்கு இறக்கமாட்டார். ஆகவே நாம் சரியாக நிறுக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் சரியாக நிறுப்பது நேர்மையாலா, முத்திரைக்கும் எதிர்க்கடைக்கும் பயந்தா என்று கேட்டால், பிரித்துச் சொல்ல நம்மாலேயே முடியாது. நாணயம் லாபம் தரும் தொழிலில் இருக்கிறவன் தன் நாணயத்தின் எடையை எந்தத் தராசில் பார்ப்பான்?

ஆலிம் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பார்ப்பவன் ஒருவன் எப்போதும் இருக்கிறான், யாருமே பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம்?" என்றார். அதில் நமக்குச் சந்தேகமில்லை. எடைக்கும் அளவுக்கும், பிறர் உரிமைக்கும் அங்கே கணக்குண்டு. ஆனால் மர விலாவைச் சரியாகச் செய் என்று நம்மீது யாரும் கடமை விதிக்கவில்லையே? செய்தால் நன்மை என்றும் எழுதப்படவில்லை, செய்யாவிட்டால் பாவமும் இல்லை. கட்டளையும் இல்லாமல், விலக்கலும் இல்லாமல், லாபமும் இல்லாமல், சாட்சியும் இல்லாமல் ஒரு வேலை நம் கைக்கு எத்தனை முறை வருகிறது? பகல் முழுதும் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு அது வருவதே அபூர்வம். அப்படி வரும்போது நம் கை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். மற்றெங்கும் பார்க்க முடியாத ஒன்று அங்கே தெரிகிறது. நண்பர் சிரித்துவிட்டு, "நல்லது, ஆனால் இஷாவுக்கு நேரமாகிவிட்டது" என்றார்.

இதிலும் ஒரு தந்திரம் உண்டு. மூன்றாம் வழியில் செய்கிறவர்கள் பலர், பலகை மூடுமுன் விலாக்களைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விருந்தாளி வந்தால் கைப்பேசியை நீட்டி, "உள்ளே இப்படி இருக்கிறது" என்று காட்டுகிறார்கள். இன்னும் சிலர் ஒரு பக்கம் மட்டும் பலகை ஒட்டாமல் விட்டுவிடுகிறார்கள். குற்றமில்லை, உழைத்தவர் காட்டட்டும். ஆனால் காட்டியபோதே புகழ் என்ற கூலி வந்துவிட்டது. கூலி வாங்கியதை வரவில் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இங்கிலாந்தின் கடற்படைக்காக உருவங்கள் செய்தவர்களும் கப்பலின் கீழ்ப்பாதியில் பலகை ஒட்டாமல் விலாவைத் திறந்தே விட்டார்கள். எவ்வளவு வெளிப்படையான வேலை என்று தோன்றும். ஆனால் அந்த விலாக்களின் அமைப்பு, கப்பல்துறையில் மெய்யாகவே கட்டிய முறை அல்ல. பார்வைக்கு அழகாக, உருவத்துக்கென்றே வகுத்துக்கொண்ட ஒரு மாதிரி. திறந்து காட்டுவது எல்லாம் உள்ளதைக் காட்டுவது ஆகிவிடாது என்பதை ஷோகேஸ் வைத்து வியாபாரம் செய்யும் நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

எல்லாரும் மூன்றாம் வழியில்தான் செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் செய்தால் பாதிப்பேர் முதல் கப்பலை முடிக்காமலே விட்டுவிடுவார்கள். நேரமும் கண்பார்வையும் அளவானவை. நாற்பது தாண்டினால் கண்ணாடி இல்லாமல் மர ஆணி தெரிவதில்லை. எந்த அளவுக்கு உள்ளே சரியாகச் செய்வது என்பதை அவரவரே தீர்மானிக்கட்டும். தீர்மானித்த பிறகு பாதியில் குறைப்பதுதான் கவனிக்கவேண்டிய இடம். பத்தாவது விலா வரை ஒழுங்காக இழைத்த கை, பதினோராவதில் "இது போதும்" என்று சொல்லும். அப்போது சோர்வா, அல்லது யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற எண்ணமா என்று கேட்டுக்கொண்டால் பதில் உடனே தெரியும். சோர்வு என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம்.

நாம் இதுவரை மூன்று கப்பல்கள் செய்திருக்கிறோம். ஒவ்வொன்றின் பீடத்தையும் கவிழ்த்தால் அடியில் பென்சிலால் எழுதியிருக்கும். ரஜூலாவின் அடியில்: "முழு மரம், உள்ளே ஒன்றுமில்லை." இரண்டாவதன் அடியில்: "பெட்டியில் வாங்கியது, ஒட்டுப்பலகைத் தடுப்பு, பாய்மரக் கயிறு மட்டும் நம் கை." மூன்றாவதன் அடியில், எத்தனை விலாக்கள் இழைத்தவை, எத்தனை அறுத்தபடியே வைத்தவை என்ற எண்ணிக்கை. பையன் அதைக் கவிழ்த்துப் படித்துவிட்டு, இழைக்காதவை ஏன் பின்பக்கமாகவே இருக்கின்றன என்று கேட்கிறான். அந்த மாதம் நோன்பு மாதம், கடையில் கூட்டம் அதிகம் என்று சொல்லியிருக்கிறோம்.