ஒரே வரிசையில் அமர்வோம்



புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைவதாக நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். இவற்றுள் சங்கத்தின் பொருளை நாம் சிந்திப்பது குறைவு. சங்கமாவது வெறுங் கூட்டமன்று. ஒருவர் தளர்ந்தவிடத்து மற்றவர் தாங்கும் துணை. நன்னெறியிற் பாதி நல்லோர் நட்பு என்று ஆனந்தர் கூற, பாதியன்று, முழுமையும் அதுவே எனப் பகவான் திருத்தியருளினார்.

இவ்வுண்மையைச் செயலிற் காட்டுவது ஸென் நெறி. வடமொழியில் தியானம், பாலியில் ஜானம், சீனத்திற் சான், ஜப்பானில் ஸென், சொல் ஒன்றே. அதனைச் சீனத்திற்குக் கொண்டு சென்ற போதிதருமர் தென்னாட்டினர் என்பது சீன மரபு. காஞ்சியினர் என்பது நம்மிடை வழங்கும் செய்தி. சென்ற செல்வம் மீண்டும் வந்தது. கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் 1996-ஆம் ஆண்டு 'போதி ஸெண்டோ' என்னும் தியான இல்லம் எழுந்தது. அதனை நிறுவிய ஆமா சாமி, கிறிஸ்தவத் துறவியாயிருந்தும் ஜப்பானிய ஆசான் யமதா கோவுனிடம் பயின்றவர். பிற சமயத்தார் தேடிப் பெற்ற பொருளை, உரிமையுடைய நாம் கைவிடலாமோ?

இதற்கு மலையேறவும் வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுக் கூடமும், நான்கைந்து பாயும், ஒரு சிறு மணியும் போதும். இரு புறத்தாரையும் கைகூப்பி வணங்கி அமர்க. முதுகு நிமிர்ந்திருக்க, பார்வை தாழ்ந்திருக்க, மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுக; எண்ணிக்கை தவறின் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குக. 25 நிமிடங் கழிந்தபின் மணியொலிக்க எழுந்து, ஒருவர்பின் ஒருவராக மெல்ல நடந்து, மறுபடியும் அமர்க. தனித்திருப்பவன் கால் மரத்தவுடன் எழுந்துவிடுவான். அருகில் ஒருவர் அசையாதிருக்கக் கண்டவன் தானும் பொறுத்திருப்பான்.

"சாதிக் கொடுமை நீங்கவே தம்மத்திற் புகுந்தோம்; கண்ணை மூடி அமர்வதால் யாது பயன்?" என நம்மவர் சிலர் வினவுவர். தக்க வினாவே. ஆயின் ஸென்னில் கண்ணை மூடுவதில்லை. உள்ளதை உள்ளவாறு காணவே அமர்கிறோம்.

இத்திருவனந்தபுரத்தின் வரலாற்றையே நோக்குவோம். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அதுவரை பிறப்பைக் காட்டி அடைத்த கதவு, ஆணையால் திறந்தது. ஆனால் மனக்கதவை எந்த ஆணை திறக்கும்? தாழ்ந்தோம் என்னும் நாணமும், தாழ்த்தினார்மேற் சினமும், நமக்குள்ளேயே உட்பிரிவு நோக்கும் செருக்கும், தீட்சை பெற்ற அன்றே ஒழிந்துவிடவில்லை. அமைதியாக அமருங்கால் இவை ஒவ்வொன்றாய் மேலெழும். அவற்றைக் கண்டுகொண்டவனே களைய வல்லவன். அநீதியை எதிர்க்கும் கடமையை இவ்வமைதி அவிப்பதில்லை. அதிலுள்ள பகையையே அவிக்கும்.

சாக்கிய இளவரசர்கள் துறவு பூண்டபோது, நாவிதராகிய உபாலிக்கே முதலில் துறவு தருமாறு வேண்டினர். முன் துறந்தவரை வணங்க வேண்டுமாதலின், தங்கள் குலச்செருக்கு அடங்கும் என்று கருதினர். நம் கூடத்திலும் முன் வந்தவர் முன் அமர்க. குலமும் பதவியும் செருப்போடு வாயிலில் நிற்க. முடிவில் அனைவரும் ஒன்றாகத் தேநீர் அருந்துக, அதுவும் தியானமே.

ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்வோம். மழையால் இருவரே வரினும் மணியடிப்போம். ஒருவர் வாராவிடின் அவர் இல்லஞ் சென்று நலம் வினவுவோம். சங்கம் சரணம் என்று நாம் ஓதுவது அப்பொழுதே மெய்யாகும்.

சாது! சாது! சாது!