உபயோகமற்ற எண்

உயர்நிலை அல்ஜீப்ரா எதற்கு என்ற கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை. சிவகாசிக்குப் பக்கம் ஆனைக்குட்டத்தில் ஒரு கூலிக்காரர் மகளிடம் கேட்கிறார்கள். டாக்டர் மகனிடம் கேட்பதில்லை. யதார்த்தம் போலத் தோன்றும் இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒரு தீர்ப்பு.

இந்த வட்டாரத்தில் எண் என்றால் பொருள். ஒரு குரோஸ் என்றால் 144 தீப்பெட்டி. அதற்கு இவ்வளவு கூலி. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் கலப்பெண்ணுக்குப் பின்னால் அப்படி எந்தப் பொருளும் இல்லை.

பெருக்கினால் 40 வரும்படி 10ஐ இரண்டாகப் பிரிக்க முடியுமா? 1545இல் இத்தாலியரான கார்டானோ விடை எழுதினார்: 5உடன் மைனஸ் 15இன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் ஒரு பங்கு, கழித்தால் மற்றது. நுட்பமானது, ஆனால் உபயோகமற்றது என்று அவரே சொன்னார். பல தலைமுறைகளுக்குப் பின் இதே எண்கள் மாறுமின்னோட்டக் கணக்குக்கு உதவின. இதைக் காட்டி அல்ஜீப்ராவுக்கு வக்காலத்து வாங்குவதில் பயனில்லை. உபயோகத்தையே மறுபடியும் நீதிபதியாக உட்காரவைக்கிறோம்.

இல்லாத ஒன்றையும் விதி பிசகாமல் யோசிக்கலாம் என்று அறிவது, இருப்பது மட்டுமே சாத்தியமல்ல என்று அறிவதாகும். கூலிக்கணக்கு இதைக் கற்றுத்தராது. ‘மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் உண்டு, எழுதிக்கொள்’ என்னும் வகுப்பும் கற்றுத்தராது. அதுவும் கணக்குப்பிள்ளையின் குரல்தான். பாடத்திட்டத்தில் இடம் கொடுத்தால் போதாது. அவள் சந்தேகப்பட நேரம் கொடுக்கவேண்டும். அந்த இரண்டு பங்குகளையும் தானே பெருக்கி, 25உடன் 15 சேர்ந்து 40 ஆவதைக் கண்டவளுக்கு, அது சரியென்று வேறு யாரும் சொல்லவேண்டியதில்லை.