மண் உரைக்கும் சான்று

ஒரு நிலத்தைப் பாழ்நிலம் என்று பெயரிட யாருக்கு உரிமை உண்டு? மனிதன்மீது குற்றம் சுமத்துவதற்கு முன் சான்று கேட்க வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புவர். வாயில்லாத மண்ணின்மீது தீர்ப்புக் கூறும்போதும் அவ்வறம் பொருந்துமா என்பது சிந்தனைக்குரியது. நீலகிரியின் மேட்டுநிலம் இவ்வினாவை எழுப்புவதோடு, விடைக்கு வேண்டிய சான்றையும் தன் சேற்றிலேயே காத்து வைத்திருக்கிறது.

கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேற்பட்ட அம்மேட்டில், குன்றுகளைப் புல் போர்த்திருக்கும். மடிப்புகளிலும் பள்ளங்களிலும் சோலைக்காடுகள் அடர்ந்திருக்கும். தோடர்கள் எருமை மேய்த்ததும், வரையாடு உலவுவதும், 12 ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் அப்புல்வெளிகளில்தான். 19ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயரின் கணக்கில் மரமற்ற நிலம் பயனற்ற நிலமாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டசும் வாட்டிலும் நடப்பட்டன. இந்திய விடுதலைக்குப் பின்னும் அப்பணி தொடர்ந்தது. அறிஞரிடையேயும் கருத்து வேற்றுமை நிலவியது. தீயும் மேய்ச்சலும் காட்டை அழித்தமையால் புல் வந்தது என்றார் என். எல். போர், உறைபனியே மரக்கன்றுகளை வளரவிடாது தடுக்கிறது என்றார் சி. ஆர். ரங்கநாதன். இருவர் கட்டுரைகளும் 1938இல் வெளிவந்தன.

இவ்வழக்கில் சாட்சி சொல்ல வந்தது பள்ளங்களின் சேறு. நீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் இலையும் வேரும் முழுவதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து ‘பீட்’ எனப்படும் கரிமண் ஆகின்றன. காற்றில் வந்து விழும் மகரந்தத் துகள்களும் அதில் புதைகின்றன. அவற்றின் புறத்தோல் மிக உறுதியானது. பல்லாயிரம் ஆண்டுகள் அழியாது. இத்துகள்களை அடுக்குதோறும் எண்ணிப் பழைய தாவரங்களை அறியும் முறையை சுவீடன் நாட்டு அறிஞர் லெனார்ட் வான் போஸ்ட் 1916இல் எடுத்துரைத்தார். அடுக்கின் வயதைக் கார்பன்-14 கூறும். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறைந்துவிடும். மற்றொரு சான்று கார்பன்-13. வெப்பமண்டலப் புற்கள் பலவற்றில் அதன் பங்கு, மரங்களில் உள்ளதைவிடச் சற்று மிகுதி. ஆகவே, அடையாளம் காண இயலாதபடி சிதைந்த தாவரமும் தன் இனத்தை உணர்த்திவிடுகிறது.

இம்முறையில் நீலகிரிக் கரிமண்ணை ஆராய்ந்து, ராமன் சுகுமாரும் உடன் ஆய்ந்தோரும் 1993இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, மழை குன்றிப் புல் மேலோங்கி இருந்தது. பின்னர்ப் பருவமழை வலுப்பெற மரவினங்கள் பெருகின. மீண்டும் வறட்சி வந்தது. தென்னாட்டில் உழவும் கால்நடை வளர்ப்பும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அங்குப் புல்வெளி இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது. தீயும் மேய்ச்சலும் பிற்காலத்தில் அதனை விரிவாக்கியிருக்கலாம். ஆயினும் அதனைப் பிறப்பித்தவை அவையல்ல.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வெயில் முற்றினால் மலைநிலமும் காட்டுநிலமும் பாலையாகத் திரியும் என்னும் கருத்து சிலப்பதிகாரத்திலேயே உண்டு. இயற்கையே நிலத்தை மாற்றும்போது மனிதன் மாற்றினால் குற்றம் என்ன? இவ்வாதம் வலியுடையது போலத் தோன்றினும் நிற்காது. எல்லா உயிரும் ஒருநாள் இறக்கும் என்பதால் கொலை குற்றமன்று என ஆகிவிடுமா? மழைக்கும் பனிக்கும் பொறுப்பு இல்லை. அறிந்து செய்பவனுக்கு உண்டு. மேலும், பனியூழி கழிந்து வந்த மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்தது. உயிரினங்கள் இடம்பெயர்ந்து பிழைக்கக் காலம் இருந்தது. தோட்ட மரங்களோ சில தலைமுறைகளுக்குள் குன்றுகளை மூடின. மரம் நடுதல் நற்செயல் என்ற எண்ணத்தோடு நட்டவரும் இருந்திருப்பர். நல்லெண்ணம் அறியாமைக்கு ஈடாகாது. வாட்டிலை வெட்டிய பின்னும் மண்ணில் கிடக்கும் அதன் விதைகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

சான்றையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். காற்றை நம்பிப் பூக்கும் தாவரம் மகரந்தத்தை மிகுதியாகச் சிந்துகிறது. பூச்சிகளை நம்பிய மரமோ சிறிதே உதிர்க்கிறது. துகள்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு காட்டின் அளவை உரைத்தல் தவறு. ஓசை மிகுந்தவரின் குரலே வரலாறாகிவிடாமல், மெல்லியவரின் குரலுக்கும் செவிசாய்ப்பது போன்ற நடுநிலை இங்கும் தேவை.

பழைய நிலை இது என்று அறிவதால் அதற்கே திரும்ப வேண்டும் என்ற கட்டளை பிறப்பதில்லை. எந்த நூற்றாண்டுக்குத் திரும்புவது என்ற வினா எழும். அவ்வறிவு மனிதனிடம் வேண்டுவது நிதானத்தையே. தனக்குப் பயன்படாததைப் பாழ் எனக் கருதும் அவசரத்தை அது கடிகிறது. சதுப்பின் நீரை வடித்துவிட்டால் கரிமண்ணில் காற்றுப் புகும். பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்தது சில ஆண்டுகளில் மக்கத் தொடங்கும். தீர்ப்பைத் தவறாகச் சொன்னவர் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். சாட்சியையே அழித்துவிட்டால் தவறு நேர்ந்ததென்று அறிவதற்கும் வழியிராது.