நெல்லுக்கு வந்த வழக்கு

சாகாமக் குளத்து நீரில் விளையும் நெல் ஹலாலா என்று அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ யாரும் கேட்கப்போவதில்லை. அதே அரிசி பியர்ப் பாத்திரத்துக்குள் போனால்தான் கேள்வி எழும். உலகின் பெரிய பியர் ஆலைகள் பல, முளைகட்டிய பார்லியோடு அரிசியையோ சோளத்தையோ துணைத் தானியமாகச் சேர்க்கின்றன. அமெரிக்காவின் பட்வைசர் அரிசி சேர்த்துத்தான் காய்ச்சப்படுகிறது. அரிசி சேர்ந்தால் நிறம் வெளுக்கும், ருசி மெலியும். ஆனால் தன் மாப்பொருளைத் தானே சீனியாக்கும் நொதி வெள்ளை அரிசியிடம் இல்லை. அதைக் கஞ்சியாக வேகவைத்து, பார்லி முளையிலுள்ள நொதியிடம் விட வேண்டும். அந்தச் சீனியை ஈஸ்ட் மதுசாரமாக்கும். வெளிநாடுகளில் பலர் தமக்குப் பிடித்த கடைப் பியரை இப்படி வீட்டிலேயே நகலெடுக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் இலங்கையில் செய்தால் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் பாயும்; அது நீதவானோடு முடிகிற வழக்கு. மார்க்கம் கேட்பது வேறு. விலக்கு தானியத்தின் மீதா, பாத்திரத்தின் மீதா, போதையின் மீதா?

கலீபா உமர் (ரழி) மிம்பரில் நின்று மதுவுக்கு மூலமாக ஐந்தை எண்ணியதாகப் புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது: திராட்சை, பேரீத்தம்பழம், தேன், கோதுமை, பார்லி. அரிசி அதில் இல்லை. அதை அறிவித்த கூஃபா அறிஞர் ஷஅபியிடம் ஒருவர் விடாமல் கேட்கிறார்: சிந்து நாட்டில் அரிசியில் ஒரு பானம் செய்கிறார்களே, அது? அந்தக் காலத்தில் அது இருக்கவில்லை என்பதே அவர் பதில். பட்டியல் அக்கால மதீனாவின் சந்தையைச் சொல்கிறது, வேலி போடவில்லை. அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்று உமரும் அதே பேச்சில் சேர்த்துச் சொல்கிறார். பாத்திரத்தின் கதையும் இதுவே. சுரைக்குடுக்கை, தார் பூசிய சாடி போன்ற, பழச்சாறு விரைவில் புளித்துவிடும் கலங்கள் முதலில் தடுக்கப்பட்டன; பிறகு, போதை தருவதைக் குடிக்காதீர்கள் என்ற நிபந்தனையோடு எல்லாக் கலங்களும் அனுமதிக்கப்பட்டன. உலர்திராட்சை ஊறிய நீரை நபியவர்கள் அருந்தியதும், நாள் கடந்தால் கொட்டிவிடச் செய்ததும் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வருகின்றன. அதே பழம், அதே தண்ணீர், அதே கலம், நாள்தான் மாறியது. ஆகவே 'எங்கள் வயல் அரிசி, எங்கள் வீட்டு அடுப்பு, கடையில் வாங்கியதல்ல' என்ற சமாதானம் நிற்காது. நகல் எவ்வளவு கச்சிதமோ, அசலின் தீர்ப்பும் அவ்வளவு கச்சிதமாக அதன்மேல் இறங்கும்.

கூஃபாவின் பழைய ஹனஃபி அறிஞர்கள் இப்படிப் பார்க்கவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான், திராட்சை மதுவை முற்றாக விலக்கிய இமாம் அபூ ஹனீஃபா, தானியப் பானங்களில் போதை ஏறாத அளவுக்கு இடம் விட்டார். ஆனால் அவருடைய மாணவர் இமாம் முஹம்மதே அதை ஏற்கவில்லை. பிற்கால ஹனஃபி தீர்ப்பும் மாணவர் பக்கமே சாய்ந்தது. நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த இடைவெளி ஆரம்பத்திலிருந்தே இல்லை: நிறையக் குடித்தால் போதை தருவதில் ஒரு மிடறும் கூடாது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு காடியில் இருக்கிறது. விளைவே எல்லாம் என்றால், மதுவில் உப்பைப் போட்டுக் காடியாக்கினால் அது தூய்மையாக வேண்டும், போதை போய்விட்டதே. ஹனஃபிகள் ஆம் என்கிறார்கள். ஷாஃபிஈகள், தானாகப் புளித்துக் காடியானால் மட்டுமே ஏற்பார்கள். எதையாவது போட்டு மாற்றினால் ஏற்பதில்லை, மதுவைக் காடியாக்கலாமா என்று கேட்டபோது நபியவர்கள் மறுத்ததுதான் ஆதாரம். இங்கே என் வாதத்தைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். போதை இருந்தால் விலக்கு உறுதி. போதை போனால் மட்டும் அனுமதி உறுதியாகிவிடாது, மனிதக் கை எங்கே புகுந்தது என்பதும் கணக்கில் வரும். வீட்டில் பியர் காய்ச்சுகிறவரின் கையோ முளைகட்டுவதிலிருந்து ஈஸ்ட் தூவுவதுவரை மதுசாரத்தை நோக்கியே போகிறது. மதுசாரமற்ற பியருக்கும் இந்த அளவுகோலைத்தான் வைப்பேன். புளிக்கவே விடாத மோல்ட் பானம் பியர் போல நுரைப்பதால் மட்டும் ஹராமாகிவிடாது. முழுப் பியராகக் காய்ச்சி, பிறகு மதுசாரத்தை ஆவியாக்கி எடுத்ததோ காடி விவகாரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எஞ்சும் அளவைப் பார்ப்பதற்கு முன்பே உலமாவிடம் போக வேண்டிய விடயம் அது. இரண்டு புட்டியிலும் 0.0 என்றே அச்சிட்டிருக்கலாம். ஹலால் சான்றிதழ் தருகிறவர்கள் ஆய்வுகூட அறிக்கையோடு, அது எந்த வழியில் அந்தப் பூச்சியத்துக்கு வந்தது என்பதையும் ஆலையிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.