குளிர்ச்சி யாருக்கு?

வெயில் யாவர்மீதும் ஒன்றுபோலவே எரிகின்றது என்பர். சாவு அவ்வாறு விழுவதில்லை. 1995ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரை வெப்ப அலை தாக்கியபோது 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் தனித்து வாழ்ந்த முதியோர், ஏழைகள். வீட்டில் வளிச்சீராக்கி இயங்கியவர்களுக்குச் சாவின் அபாயம் மிகக் குறைவாயிருந்ததென ஆய்வாளர் கண்டனர்.

ஆகவே, கடுங்கோடையில் அக்கருவியை இயக்குவதை வெறும் ஆடம்பரமென்று பழிப்பது அறமாகாது. மூச்சுத் திணறும் முதியவரிடம் துறவு போதிக்க எவருக்கு உரிமை உண்டு?

எனினும், அக்கருவி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளுகின்றது. தெருவில் உழைப்பவன் அந்த அனலையும் சேர்த்தே சுமக்கிறான். அதற்கு வேண்டிய மின்சாரத்துக்காக நிலக்கரி எரிக்கப்படும் நாடுகளில் நாளைய வெயிலும் இன்றே மூட்டப்படுகின்றது. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழ்ந்த 280 கோடி மக்களுள் 8 சதவீதத்தினரிடமே இக்கருவி இருந்தது.

இந்நிலையில், உயிர் காக்க இயக்குவதும், கம்பளி போர்த்தி உறங்குமளவுக்கு அறையைக் குளிர்விப்பதும் ஒன்றல்ல. முன்னது தேவை, பின்னது பிறர் பங்கில் கைவைத்தல். ஆனால் தனிமனிதரின் அடக்கம் மட்டும் இப்பிரச்சினையைத் தீர்த்துவிடாது. குளிர்ச்சி விலைச்சரக்காக உள்ளவரை அது பணமுள்ளவன் பக்கமே வீசும். நிழல் தரும் மரங்கள், காற்றோட்டமுள்ள குடியிருப்புகள், வெப்ப நாட்களில் எவரும் தங்கத்தக்க குளிர்ந்த பொது மண்டபங்கள் ஆகியவற்றை அரசிடம் உரிமையாகக் கோருவதே நம் கடன்.

1902இல் வில்லிஸ் கரியர் புரூக்ளின் அச்சகமொன்றுக்கு வடிவமைத்த முன்னோடிக் கருவி, தாள் ஈரத்தால் கெடாதிருக்கவே அமைந்தது. தாளுக்குக் கிடைத்த காப்பு ஏழை மனிதனுக்கும் கிடைக்கட்டும்.