கங்கை கழுவாத கறை

பாவத்தைக் கழுவும் நதி தானே அழுக்காக முடியுமா? கங்கைக் கரையில் இந்தக் கேள்விக்குப் பக்தர் பலர் தரும் பதில், முடியாது என்பதே. கங்கையில் கலந்தது கங்கையாகிவிடும், குப்பை கரையில் ஒதுங்குமே தவிரத் தாயைத் தீண்டாது என்பார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பூ, சாணம், பிணச்சாம்பல், மனிதக் கழிவு என நெடுங்காலம் ஆற்றில் சேர்ந்தவற்றில் பெரும்பகுதி மக்கக் கூடியது. நீரில் கரைந்த ஆக்சிஜனும் நுண்ணுயிர்களும் வெயிலும் சேர்ந்து, ஆறு ஓடும் ஓட்டத்திலேயே அதைச் சிதைத்துவிடும். கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி விரைவில் மடிவதை 1896-இல் ஹான்கின் என்ற ஆங்கிலேய நுண்ணுயிரியலாளர் எழுதிவைத்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு கருதப்பட்டது. ஆக, நதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற முன்னோர், கண்டதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கண்டிராத ஒரு கழிவு இப்போது ஆற்றின் அடியில் படிந்திருக்கிறது. அதைப் பொருட்படுத்தும்படி பக்தரிடம் கேட்பதற்கு விஞ்ஞானம் வேண்டியதில்லை, அவருடைய சமயமே போதும் என்பது என் வாதம்.

கங்கைக் கரையிலுள்ள கான்பூரின் ஜாஜ்மவ் பகுதி தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பேர்போனது. ஆற்றைக் காக்கும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987-இலேயே, கழிவைச் சுத்திகரிக்கும்படி அந்த ஆலைகளுக்கு உத்தரவிட்டது. நான் சொன்ன கழிவு அங்கு பயன்படும் குரோமியம். வழக்கமான குரோம் பதனிடலில், தொட்டியில் இடும் குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சிக்கொள்வதில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கழிவுநீரோடு வெளியேறும். ஆற்றில் விழுந்ததும் அது களிமண் துகளிலும் இரும்பு ஆக்சைடிலும் கரிமப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடுகிறது. நீரை மட்டும் எடுத்துச் சோதிப்பவருக்கு அது சரியாகத் தென்படாமலே போகலாம். 2025 மகா கும்பமேளாவின்போது நீரின் தரம் பற்றி எழுந்த சர்ச்சை பெரும்பாலும் மலக்கிருமிகளின் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் கிருமி சாகும், குரோமியம் ஒரு தனிமம், அதற்குச் சாவில்லை. வெள்ளம் அதை இடம் மாற்றும், புதைக்கும், மறுபடி தோண்டி எடுக்கும். இல்லாமலாக்க வெள்ளத்தாலும் ஆகாது.

இமயத்துப் பாறையிலேயே குரோமியம் உண்டே, மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்கத்தக்க கேள்வி இது. படிவை மதிப்பிடும் முறையே இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. ரைன் ஆற்றின் படிவுகளை ஆராய்ந்த மியூலர் 1969-இல் ஒரு கணக்கை வகுத்தார். அளந்த அளவை இயற்கையான பின்னணி அளவோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிடும்போதும் பின்னணியை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும். களிப்பாறையின் சராசரிக் குரோமியம் கிலோவுக்கு 90 மில்லிகிராம் என்று கொண்டால், 135-ஐத் தாண்டும் வரை அந்தக் கணக்கு மனிதனைக் குறை சொல்லாது. பாறையின் பங்கைக் கழித்து, பாறைக்குப் பாறை இருக்கும் இயல்பான ஏற்றத்தாழ்வுக்கும் இடம் விட்டு, மிச்சத்தை மட்டும் நம் கணக்கில் எழுதும் இந்த நிதானம் எனக்கு ஓர் அறநெறியாகவே படுகிறது. மொத்த அளவோடும் வேலை முடிவதில்லை. 1979-இல் டெஸ்ஸியரும் உடன் ஆய்ந்தவர்களும் தந்த முறைப்படி, படிவை வெவ்வேறு கரைப்பான்களில் படிப்படியாகக் கரைத்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு உலோகம் லேசாக ஒட்டியிருக்கிறது, எவ்வளவு கார்பனேட்டிலும் ஆக்சைடிலும் கரிமத்திலும் பிடிபட்டிருக்கிறது, எவ்வளவு கனிமத்தின் உள்ளேயே பூட்டிக்கிடக்கிறது என்று பிரித்தறிகிறார்கள். பூட்டிக்கிடப்பது பெரும்பாலும் பாறை தந்தது. லேசாக ஒட்டியிருப்பது நீரின் அமிலத்தன்மை சற்று மாறினாலே வெளியேறி மீனுக்கும் பயிருக்கும் போகும்.

பக்தரின் வலுவான மறுப்பு வேறொன்று. புனிதம் வேறு, சுத்தம் வேறு. ஆய்வுக்கூடம் அளப்பது சுத்தத்தை, கங்கையின் புனிதத்தை அது தொடவே முடியாது என்பது. இதன் முதல் பாதியை ஏற்கிறேன். காசி சங்கட மோசன் கோயிலின் தலைவரான மகந்த் வீரபத்ர மிஸ்ராவும் அதை ஏற்றவர்தான். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராகவும் இருந்த அவர், அந்த நதியில் நீராடினார், 1982-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி அதன் மாசை அளக்கவும் செய்தார். புனிதமானது என்பதால் அதை எப்படியும் நடத்தலாம் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. நீரில் போடக் கூடாதவற்றை அடுக்கும் மனுஸ்மிருதி, மலஜலத்தோடும் எச்சிலோடும் நஞ்சையும் சேர்த்தே விலக்குகிறது. அதைவிட ஆழமான காரணம் வினைக் கொள்கையில் இருக்கிறது. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கும். ஆற்றுப் படிவும் அப்படித்தான் இருக்கிறது: அடியில் சேர்ந்து கிடப்பது, அதிலிருந்து இப்போது வெளிப்பட்டு அனுபவத்துக்கு வருவது, இன்று புதிதாகச் சேர்ப்பது. செய்தது தானாக மறையாது என்று நம்பும் ஒரு சமயத்தார், ஆற்றில் விட்டது மறைந்துவிடும் என்று எப்படி நம்ப முடியும்? சஞ்சிதத்தை இறையருள் எரிக்கும் என்று சித்தாந்தம் ஆறுதல் சொல்கிறது. குரோமியத்துக்கு அப்படி ஒரு வாக்கு எங்கும் இல்லை.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் முறிவதையும் சொல்லியாக வேண்டும். வினை செய்தவனையே சென்று சேரும் என்பது கொள்கை. ஆற்றில் விட்டதோ ஆற்றோட்டத்தின் கீழ்ப்பகுதியில் பயிரிடுபவரைச் சேர்கிறது. அவர் படுவது அவருடைய பழவினை என்று சொல்வது கொடுமை, கொள்கையைக் கேடயமாகப் பிடிப்பது. தூய்மை என்ற பேச்சில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஜாஜ்மவ் ஆலைகளை நடத்துபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், தொழிலாளர்களில் தலித்துகள் அதிகம். ஆறு தீட்டுப்பட்டது என்ற சொல் அவர்கள் மேல் விழுந்துவிட எவ்வளவு நேரமாகும்? படித்துறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்குபவரின் அந்தச் செருப்பு தோலானால், அதுவும் பெரும்பாலும் குரோமில் பதனிட்டதுதான். பதனிட்டவரை மட்டும் குற்றவாளியாக்கி, அணிந்தவரையும் ஏற்றுமதியில் அந்நியச் செலாவணி ஈட்டிய நாட்டையும் விட்டுவிடும் தூய்மை எனக்கு வேண்டாம்.

அப்படியானால் யார் பொறுப்பு? பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆலையும் முதலாளியும் இல்லாமல் போய், கழிவு மட்டும் மிஞ்சும் இடங்களில் இந்த நெறி ஆள் தேடித் தவிக்கிறது. அங்கே தர்மசாத்திரத்தின் இன்னொரு கருத்து உதவும் என்று நினைக்கிறேன்: தந்தை பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்பது. தோல் வணிகம் கொண்டுவந்த சாலையையும் பள்ளியையும் வரிப்பணத்தையும் மரபுரிமையாகப் பெற்ற நாம், அது விட்டுச்சென்ற படிவையும் பெற்றிருக்கிறோம். தொகை தெரியாமல் கடனைத் தீர்க்க முடியாது. ஆகவே நீராடும் விழாக்களுக்குக் கோடிக்கணக்கில் செலவிடும்போது, துறைதோறும் அடிமண்ணை எடுத்துச் சோதித்து அந்த எண்களை வெளியிட வேண்டும். அதைக் கேட்கும் முதல் குரல் மடங்களிலிருந்தும் துறவியரின் அகாடாக்களிலிருந்தும் வர வேண்டும், நீராட வருபவர்களை அழைத்தவர்கள் அவர்கள்தானே.