குறியும் பொட்டும்

ஓர் உயிரை உடைமையாகக் கொண்டிருப்பவர் அதனை ஊரறிய அணிசெய்து வணங்கும்போது அந்த வணக்கம் யாரைச் சென்று சேர்கிறது என்பது, சமயச் சிந்தனையில் எளிதில் தீர்ந்துவிடாத ஒரு வினாவாகும். மாலை சூட்டப்பட்ட மாடு தன் கோலத்தைத் தான் கண்டு மகிழ்வதில்லை. காண்போர் சொல்லும் பாராட்டும் உடையவரின் செவியிலேயே விழுகிறது. இதனைக் கொண்டு, விலங்குக்குச் செய்யும் அலங்காரம் முழுவதும் உடையவரின் பெருமிதமே என்று முடிவுகட்டுவது எளிது. எனினும் அவ்வாறு முடிவுகட்டுவோர், மாட்டின் நெற்றியில் சந்தனம் வைத்த கை அடுத்த கணமே ஏன் குவிந்து கும்பிடுகிறது என்பதற்கும் விடை சொல்லியாக வேண்டும்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், திருகோணமலைத் துறைமுகத்தை எதிர்நோக்கி அமைந்துள்ள சம்பூர், வயலும் மாடும் கடலும் சேர்ந்து வாழ்வளித்த ஊராகும். தைப்பொங்கலுக்கு மறுநாள் தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கல் என வழங்கும் விழா, இவ்வூரை உள்ளிட்ட கிழக்கிலங்கையில் பட்டிப் பொங்கல் எனப்படுகிறது. பட்டி என்னும் சொல் மாடுகளை அடைக்கும் இடத்தையும் அங்கே அடையும் மாட்டுக் கூட்டத்தையும் ஒருங்கே குறிப்பதாதலால், வணக்கத்துக்குரியது ஒரு தனி மாடன்று, மாடும் மனிதரும் இடமும் சேர்ந்த ஒரு கூட்டு வாழ்வே என்னும் குறிப்பு இப்பெயரிலேயே அடங்கியுள்ளது. வீட்டு முற்றத்தில் கதிரவனுக்குப் பொங்கிய பானை, மறுநாள் சாணமும் பழைய வைக்கோலும் கிடக்கும் பட்டிக்கே எடுத்துச் செல்லப்பட்டு அங்கே அடுப்பேற்றப்படுகிறது. வழிபடுவோர் வழிபடு பொருளின் இருப்பிடத்தைத் தேடிச் செல்வது கோயிலுக்குச் செல்வதன் இலக்கணம் என்றால், அந்த ஒருநாள் பட்டியே கோயிலாகிறது.

விழாவின் ஒழுங்கைக் கூர்ந்து நோக்குவோர்க்கு உடைபற்றிய ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படும். மாடு குளிப்பாட்டப்பட்டு, கொம்பில் வண்ணம் பெற்று, கழுத்தில் மாலையும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் தாங்கி நிற்கிறது. இவை யாவும் ஊரின் பத்திரகாளி அம்பாளுக்குச் சாத்தப்படும் பொருள்களே. உடையவரோ முழுகிய ஈரம் காயாமல் வேட்டி கட்டி, தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். சால்வை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குவது, தன்னினும் மேலான ஒன்றின் முன் நிற்பதற்கு அடையாளமாகத் தமிழர் கைக்கொண்ட உடை ஒழுக்கம். ஆண்டு முழுவதும் உடுத்தவர் ஏவ, உடுக்காதது உழைக்கிறது. இந்த ஒருநாளில் உழைத்தது அணிகிறது, ஏவியவர் தம் அணியைக் குறைத்துக்கொள்கிறார். விழாவுக்குரிய உடை என்பது பெரும்பாலும் உடுத்தவரை உயர்த்திக் காட்டவே அமைந்த உலகில், உடையவரைத் தாழ்த்தி உடைமையை உயர்த்தும் இவ்வொழுக்கம் கருதத்தக்கது.

ஆயினும் மாலையின் நிழல் விழும் அதே உடலில் வேறோர் அடையாளமும் உண்டு. பரந்த வெளிகளில் பல பட்டிகளின் மாடுகள் கலந்து மேயும் கிழக்கில், இன்னாருடையது என்று தெரிவதற்காக இளமையிலேயே காய்ச்சிய இரும்பால் எழுத்தோ உருவமோ பொறிப்பர். இதனைக் குறிசுடுதல் என்பர். சுட்ட இடத்தில் மயிர் மீண்டும் முளைப்பதில்லை. தோல் சற்றே தடித்து, வழுவழுப்பான தழும்பாக மாட்டின் ஆயுள் முழுவதும் நிற்கிறது. பட்டிப் பொங்கலன்று நெற்றியில் இட்ட பொட்டு மாலை வெயிலில் காய்ந்து, மாடு தலையை உதறும்போதே உதிர்ந்துவிடுகிறது. நெருப்பு எழுதிய குறி நிலைக்க, அன்பு வைத்த பொட்டு ஒருநாளில் மறைகிறது. ஒரே உடையவரின் ஒரே கை இவ்விரண்டையும் இட்டது என்பதே இங்கு ஆராயப்படும் சிக்கலின் முடிச்சு.

இம்முடிச்சைச் சைவ சித்தாந்தம் தன் அடிப்படைச் சொற்களிலேயே ஏந்தி நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களில் விளக்கும் அத்தத்துவத்தின்படி, என்றும் உள்ள பொருள்கள் மூன்று: பதி, பசு, பாசம். பதி என்பது தலைவனாகிய இறைவன்; பாசம் என்பது கட்டும் கயிறு, அதாவது ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்கள்; பசு என்பது அக்கயிற்றால் கட்டுண்ட உயிர். உயிருக்குப் பெயர் தேடிய மெய்யியலாளர் வானத்துப் பறவையையோ கடலலையையோ நாடாமல் கட்டுத்தறியில் நிற்கும் மாட்டின் பெயரையே சூட்டியது, தற்செயலானதாகத் தோன்றவில்லை. மாடு உடையவருக்கு உடைமையாவது போல உயிர் இறைவனுக்கு உடைமையாகிறது என்பதும், சிவனை உடையான் என்று அழைக்கும் வழக்கின் பொருள் அதுவே என்பதும் இதனால் விளங்கும்.

இங்கே கடுமையான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. பொங்கலன்று மாட்டுக்கு மாலை மட்டுமன்றிப் புதுக் கயிறும் பூட்டப்படுகிறது; நைந்த மூக்கணாங்கயிறும் கழுத்துக்கயிறும் கழற்றப்பட்டு, அறுபடாத புதியவை அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. அவ்வாறாயின் நன்றி கூறும் நாளே கட்டினைப் புதுப்பிக்கும் நாளாகவும் இருக்கிறது; மாலை என்பது பூவால் திரித்த கயிறு என்றும், மறுநாள் ஏருக்குப் போகும் உயிரின் இசைவை ஒருநாள் உபசாரத்தால் வாங்கும் தந்திரம் என்றும் ஒருவர் வாதிடலாம். இவ்வாதத்தைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. சித்தாந்தம் இதற்குத் தரக்கூடிய முதல் விடை, கட்டுகள் யாவும் பகையல்ல என்பது. இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. உயிர் பக்குவம் அடையும் வரை அதனை உலகிலும் உடலிலும் பிணித்து வைப்பதும் அருளின் ஒரு வடிவமே என்று அந்நெறி கூறும். மாயையால் ஆன உடலை, விடியும் வரை இருளில் உதவும் விளக்குக்கு ஒப்பிடுவதும் அம்மரபே.

ஆனால் இவ்விடையை மாட்டுக்காரருக்கு அப்படியே வழங்கிவிட முடியாது. இறைவன் கட்டுவது கட்டப்பட்டதன் நலத்துக்காக. மனிதர் கட்டுவது பெரும்பாலும் தம் நலத்துக்காக. அதனினும் முதன்மையானது, சித்தாந்தத்தின்படி பதி ஒருவனே என்பது. மனித உடையவர் பதியாக முடியாது, அவரும் பசுவே. ஒரு கட்டுண்ட உயிர் மற்றொரு கட்டுண்ட உயிரின் கயிற்றைப் பிடித்திருப்பதே உடைமை என்று நாம் அழைக்கும் நிலை. இதனை மறந்து, பிடித்திருக்கும் கயிற்றைக் கொண்டு தம்மைப் பதியெனக் கருதுவது ஆணவத்தின் தெளிவான செயல். இதனை நினைந்து, தாமும் கயிற்றின் மறுமுனையில் நிற்பவரே என்று உணர்ந்து கையெடுப்பது அலங்காரத்தின் மெய்ப்பொருள். கும்பிடும் கைக்கு அதுவே விடை.

இவ்வுண்மையைத் தொலைவிலுள்ள ஒரு மரபோடு ஒப்பிடுவது தெளிவைக் கூட்டும். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டுக்கு அனுசரணை வழங்கியதன் வழியாக ஈழத்தமிழருக்கு நன்கு அறிமுகமான நோர்வேயின் மேற்குக் கரையில், ஃபியோர்டு எனப்படும் ஆழ்ந்த கடற்கழிகளை ஒட்டிய மலைச்சரிவு வயல்களில் உழைப்பதற்கென வளர்ந்த ஒரு குதிரையினம் உண்டு. வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடைய இக்குதிரையின் பிடரிமயிர் ஓரங்களில் வெண்மையாகவும் நடுவில் கருமையாகவும் வளர்கிறது. கண்காட்சிக்குக் கொண்டுவருமுன் உடையவர்கள் அதனை நிமிர்ந்து நிற்கும்படி பிறைவடிவில் கத்தரித்து, ஓரத்து வெண்மயிரைச் சற்றே குட்டையாக்கி, நடுவே ஓடும் கருங்கோடு துலங்கும்படி செய்கின்றனர். அங்கே அலங்காரம் என்பது புதிதாக ஒன்றைச் சேர்ப்பதன்று. உயிரில் முன்பே இருப்பதை மறைப்பு நீக்கிக் காட்டுவது. உடையவர்களும் பலவேளைகளில் தத்தம் வட்டாரத்து மரபுடையையோ நோர்வேக் கோலம் பின்னிய கம்பளி மேலாடையையோ அணிந்து குதிரையுடன் நடக்கின்றனர். கடல் கடந்து வேறு நாடுகளில் இவ்வினத்தை வளர்ப்போரும் அத்தகைய ஆடையை விரும்பி உடுத்துவதால், அந்த உடை இக்குதிரை யாருடையது என்பதைச் சொல்லவில்லை; இக்குதிரையும் அதனை நடத்துவோரும் எந்த மண்ணுக்குக் கடன்பட்டவர்கள் என்பதையே சொல்கிறது.

அணி என்னும் தமிழ்ச் சொல்லின் பொருள்விரிவு இங்கே துணைசெய்கிறது. ஆபரணமும் அணி, வரிசையாக நிற்பதும் அணி, நெருக்கத்தை உணர்த்தும் அணிமையும் அதன் அருகில் நிற்கும் சொல். நிரை கவரச் செல்வோர் வெட்சியும் மீட்கச் செல்வோர் கரந்தையும் சூடியதைக் கூறும் பழந்தமிழ்த் திணைமரபில், மாட்டின் பொருட்டு மனிதர் அணிந்த பூவே அவர் எவ்வணியில் நிற்கிறார் என்பதை அறிவித்தது. எனினும் வரிசை இருக்கும் இடத்தில் முன்பின் என்னும் எண்ணமும் வரும். பரிசும் நடுவரும் புகும்போது, கண்காட்சிக் களமாயினும் ஊர்ப் பட்டியாயினும், உயிரின் அழகு உடையவரின் வெற்றியாக மாறும் ஆபத்து உடன் வருகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் நரி பரியான கதை இவ்வகை மயக்கத்துக்கே மருந்து. மாணிக்கவாசகர் பொருட்டு இறைவன் குதிரை வாணிகனாக வந்து, கயிறு மாறி ஒப்படைத்த பரிகளின் பொலிவில் பாண்டியன் உள்ளம் பறிகொடுத்தான். அன்றிரவே அவை நரிகளாகி ஊளையிட்டன. கோலத்தை விலைகொடுத்து வாங்கலாம், கயிற்றையும் கைமாற்றலாம். உள்ளே நிற்கும் உயிர் எவருக்கும் கைமாறுவதில்லை.

புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களின் ஐயனார் கோயில்களில் நிகழும் புரவியெடுப்பு இவ்வறிவை விழாவாகவே வடித்துள்ளது. ஊரார் பிடிமண் எனப்படும் ஒரு கைப்பிடி மண்ணைக் குயவரிடம் கொடுக்க, அவர் வனைந்து சுட்ட குதிரைகள் வண்ணமும் மாலையும் பெற்று ஊர்வலமாகச் சென்று கோயிலில் நிறுத்தப்படுகின்றன. அதன்பின் அவற்றுக்கு உடையவர் இல்லை. மழையிலும் வெயிலிலும் விரிசல் கண்டு, வந்த மண்ணுக்கே அவை திரும்புகின்றன. அணிசெய்தபின் விட்டுவிடுவதே அங்கு வழிபாட்டின் நிறைவு.

சம்பூருக்கு இந்த விடுதல் விழாவாக வாய்க்கவில்லை. 2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் ஊரை வெறுமையாக்கின. அவ்வாண்டு செப்டம்பரில் அப்பகுதி படையினர் வசமாகி, 2007இல் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி, மணற்சேனை, கட்டைபறிச்சான், பட்டித்திடல் முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். பட்டி என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரில், பட்டி இழந்தோர் தகரக் கொட்டில்களில் அடைந்திருந்தனர். ஈழத்தின் இடப்பெயர்வுகளில் மனிதர் புறப்படுமுன் செய்த இறுதிச் செயல்களுள் ஒன்று, கட்டிநின்ற மாட்டை அவிழ்த்துவிடுவது. தாம் திரும்புவது உறுதியில்லை. கட்டிய கயிறு பட்டினியாகிவிடும். எனவே அவிழ்க்க வேண்டும். தன் பயன் அனைத்தும் அற்றுப்போன பின்னும் பிற உயிரின் வாழ்வை எண்ணி அவிழ்த்த அந்தக் கை, எத்தனை பொங்கலின் மாலைகளும் காட்டாத ஒன்றைக் காட்டியது: உடைமை உதிர்ந்த பின்னும் பொறுப்பு எஞ்சி நிற்கும். குறி பொறித்தவர் வேலிக்கு வெளியே வாழ்ந்தார். குறி தாங்கிய மாடுகளோ உரிமை கேட்க ஆளின்றிச் சிதறின. நிலைத்தது என்று கருதப்பட்ட தழும்பும் பொட்டைப் போலவே பொருளிழந்தது.

2015இல் 818 ஏக்கர் காணியும், அதனையடுத்துக் கடற்படை முகாம் இருந்த நிலமும் விடுவிக்கப்பட, மக்கள் மீண்டனர். வீடு என்னும் சொல் மனையையும் விடுதலையையும் ஒருங்கே குறிக்கும் மொழியில், காடேறிய வளவுக்குள் கால்வைத்தோர்க்கு அவ்விரு பொருளும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கும். அந்நிலத்தில் மறுபடியும் எழும் பட்டி ஒவ்வொன்றும், உடையவராதல் எத்துணை நொய்ம்மையானது என்பதை அறிந்தோர் எழுப்பும் பட்டி. அவர்கள் பூட்டும் புதுக் கயிற்றில், அதனை அவிழ்க்கவும் நேரும் என்னும் அறிவு சேர்ந்தே திரிக்கப்பட்டுள்ளது.

ஆகவே அலங்காரம் கடனை ஒப்புக்கொள்ளும் சொல்லாகும். கடனைத் தீர்க்கும் செயல் மறுநாள் தொடங்குகிறது. அணிசெய்த கழுத்துக்குப் புல்லும் நீரும் நிழலும் கிடைக்கின்றனவா என்பதே அச்சொல்லின் உண்மையை அளக்கும் கோல். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகளுக்காக மட்டக்களப்பின் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடங்கிய அறப்போராட்டமும் இவ்வகையில் ஒரு வழிபாடே. மாடுகளுக்கு வாடாத மாலை மேய்ச்சல்தரை ஒன்றுதான், அதனை ஒருவர் தனித்துச் சூட்ட இயலாது, சமூகம் முழுவதும் சேர்ந்தே சூட்ட வேண்டும்.

பெரியபுராணம் கூறும் திருமூலர் வரலாற்றில், மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, அவன் உடலைச் சூழ்ந்து பசுக்கள் கதறுகின்றன. அவற்றின் துயர் பொறாத சிவயோகியார் தம் உடலை ஒருபால் வைத்துவிட்டு, மூலனின் உடலை ஆடைபோல் உடுத்து எழுகிறார். பசுக்கள் அவரை மோந்தும் நக்கியும் மகிழ்ந்து, மாலையில் தாமாகவே சாத்தனூருக்கு நடக்கின்றன. எழுந்தவர் உடையவரும் அல்லர், பழைய மேய்ப்பனும் அல்லர். பசுக்களுக்கு வேண்டியிருந்தது, பொழுது சாயும் வேளையில் தங்களை நினைந்து எழுந்த ஓர் உயிர். திருமந்திரத்தைத் தந்த ஞானி முதலில் செய்த பணி, அவற்றைப் பட்டி சேர்த்தது.